கிலோ கணக்கில் வாங்கிய பழைய லெகோவிலிருந்து முழு செட்டை மீட்டெடுப்பது எப்படி?

பழைய லெகோ மூட்டை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, தரையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரிப்பது. சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல். பார்க்க அழகாக இருக்கும். பிறகு அந்தச் சிவப்புக் குவியலில் ஒரு சிவப்பு 1×1 பிளேட்டை (மேலே ஒரே ஒரு குமிழ்ப் புடைப்பு உள்ள மெல்லிய தட்டைத் துண்டு) தேடும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரே நிறத்துக்குள் உருவத்தைப் பிரித்துப் பார்க்கக் கண் திணறும். அதையே திருப்பிப் போடுங்கள்: எல்லா நிற 1×1 பிளேட்டும் ஒரே டப்பாவில் இருந்தால், சிவப்பு தானாகக் கண்ணில் விழும். ஆக, கையால் உருவத்தைப் பிரியுங்கள், நிறத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

5 கிலோ மூட்டையை அளவாக வைத்துக்கொள்வோம். கலவையான லெகோவில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 600 முதல் 750 துண்டுகள் வரும். ஆக, கையில் 3,000-க்கு மேல் இருக்கும். 2×4 பிரிக் (இரு வரிசையில் நான்கு நான்கு குமிழ் உள்ள கட்டைத் துண்டு) ஒன்றின் எடை சுமார் 2.3 கிராம். மூட்டையில் பெரிய பிரிக்குகளே அதிகம் என்றால் எண்ணிக்கை குறையும், சிறு பிளேட்டுகள் அதிகம் என்றால் கூடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று படங்கள்

விற்பவரிடம் முழுக் குவியலின் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குமிழ்கள் தெளிவாகத் தெரியும்படி அருகில் எடுத்த படம் ஒன்று, மனித உருவங்களை (மினிஃபிக்) மட்டும் வரிசையாக வைத்து எடுத்த படம் ஒன்று, குவியலைக் கிளறி அடியில் இருப்பதைக் காட்டும் படம் ஒன்று கேளுங்கள். அசல் லெகோ பிரிக்கின் ஒவ்வொரு குமிழ் மேலும் நிறுவனப் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். மினிஃபிக் இல்லாமல் தொப்பியும் முடியும் மட்டும் கிடந்தால், மதிப்புள்ளதை யாரோ முன்பே பொறுக்கிவிட்டார்கள் என்று பொருள். விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள்.

மற்ற நிறுவனங்களின் துண்டுகள் கலந்திருந்தால் என்ன தவறு? தனியாக விளையாட ஒன்றும் தவறில்லை. செட்டை, அதாவது ஒரே பெட்டியில் விற்ற ஒரு மாதிரியின் முழுத் துண்டுகளை, மீட்கும்போதுதான் தொல்லை. லெகோவில் குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மி.மீ., குமிழின் விட்டம் 4.8 மி.மீ., பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. துண்டுக்கு 0.02 மி.மீ. பிசகினாலும் 30 துண்டு அடுக்கும்போது 0.6 மி.மீ. ஆகிவிடும். சுவர் மேலே போகப்போக விரியும், அல்லது கடைசித் துண்டு உட்காராது.

முதல் சுற்று: கழுவுவதற்கு முன் எடுக்க வேண்டியவை

பழைய படுக்கை விரிப்பை விரித்துக் கொட்டுங்கள். வேலை முடிந்ததும் நான்கு மூலையையும் தூக்கினால் எல்லாம் நடுவில் சேர்ந்துவிடும். இந்தச் சுற்றில் தண்ணீர் படக்கூடாதவற்றை மட்டும் எடுங்கள்: மோட்டார், பேட்டரி பெட்டி, விளக்கு, வயர்; ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகள்; பளபளக்கும் குரோம் பூச்சு உள்ளவை; துணி, நூல், காகிதம்; கையேடுகள். குரோமைத் தேய்க்கவே கூடாது, உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பேட்டரி பெட்டியைத் திறந்து பாருங்கள். உலோகத் தகட்டில் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு இருந்தால், வினிகரில் நனைத்த காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள்.

ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளையும் இப்போதே பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் கழுவினால் இடுக்கில் தண்ணீர் நின்று அழுக்கு வளையம் விழும். துண்டுகளை நெம்பிப் பிரிக்கும் சிறு கருவியான பிரிக் செப்பரேட்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு 2×2 பிளேட்டுகளை ஒரு செப்பரேட்டரால் பிரிப்பது கடினம். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே மாட்டி எதிரெதிராக அழுத்தினால் சுளுவாக வந்துவிடும். கத்தி, பல் இரண்டும் வேண்டாம். இரண்டுமே ஓரத்தில் அழியாத வடுவை விடும். டெக்னிக் (இயந்திர மாதிரிகளுக்கான லெகோ வரிசை) துண்டுகளின் சுழல் அச்சுத் தண்டு துளைக்குள் சிக்கினால் இன்னொரு அச்சால் பின்னாலிருந்து தள்ளுங்கள். ஆரஞ்சு நிறச் செப்பரேட்டரின் நுனியில் இதற்கென்றே ஒரு முனை இருக்கிறது.

செம்பழுப்பு, அடர் சிவப்பு, அடர் பழுப்புத் துண்டுகளில் அவசரம் கூடாது. ஏறத்தாழ 2000-களின் நடுவிலிருந்து 2010-களின் பிற்பகுதி வரை வந்த இந்த நிறங்களில் பல நொறுங்கும் தன்மை கொண்டவை. கிளிப், கைப்பிடி, 1×1 பிளேட் ஆகியவைதான் முதலில் உடையும். வளைத்துப் பிரிக்காமல் நேராக மேலே இழுங்கள். உடைந்தால் கவலை வேண்டாம், இது எல்லாச் சேகரிப்பிலும் நடப்பதுதான். புதிதாக உற்பத்தியானதை வாங்கிப் போட்டுவிடலாம்.

கழுவுதல்

தண்ணீரின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கையை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். துணி துவைக்கும் வலைப்பையில் ஒரு தடவைக்கு அரைக் கிலோ மட்டும் போட்டு முடிச்சிட்டு, பாத்திரத்தில் அரை மணி நேரம் ஊறவைத்து, பையோடு சேர்த்துப் பிசைந்து அலசுங்கள். குமிழ்களுக்கிடையே கறுப்பாகப் படிந்திருந்தால் மென்மையான பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், ஹேர் டிரையர் மூன்றையும் தவிருங்கள். சூட்டில் துண்டு வளைந்துவிட்டால் மீட்க வழியில்லை.

நம் ஊரில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்த பிறகு கறுப்புத் துண்டுகளிலும், ஒளி ஊடுருவும் கண்ணாடி நிறத் துண்டுகளிலும் வெள்ளைத் திட்டு விழும், பிரிக்கின் உட்குழாயிலும் படியும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஏற்கெனவே திட்டு விழுந்துவிட்டால், ஒரு பங்கு வெள்ளை வினிகரும் நான்கு பங்கு தண்ணீரும் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி அலசுங்கள்.

உலர்த்துவதுதான் பலர் கெடுத்துக்கொள்ளும் கட்டம். மொட்டை மாடி வெயிலில் பரப்பக் கூடாது, புற ஊதாக் கதிர் மஞ்சளிக்கச் செய்யும். பெரிய டவலில் போட்டு இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் உருட்டினால் உட்குழியில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பிறகு வேறு உலர்ந்த டவலில் ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறியின் கீழ் வைத்து, சில மணிக்கு ஒரு தடவை கிளறுங்கள். கோடையில் ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள். சோதிக்க ஒரு 2×4 பிரிக்கைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஓங்கித் தட்டுங்கள். துளி விழுந்தால் இன்னும் காயவில்லை.

பேனா, மார்க்கர் கறைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். அச்சிட்ட பகுதியில் வேண்டாம். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனும் தின்னரும் லெகோ பிரிக்குகள் செய்யப்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், அவற்றை அருகிலேயே வைக்காதீர்கள்.

மஞ்சளித்த வெள்ளையும் சாம்பலும்

வெறும் வெயில் மஞ்சளிக்கச் செய்யும் என்றாலும், ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் மூழ்கவைத்து வெயிலில் வைத்தால் மஞ்சள் குறையும். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 முதல் 6 சதவீதக் கரைசல் போதும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, துண்டுகள் மிதக்காமல் மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து, நான்கு முதல் ஆறு மணி நேரம் வெயிலில் வையுங்கள். மணிக்கொரு தடவை புரட்டுங்கள். கையுறை கட்டாயம். இறுக மூடவே கூடாது, வெளிவரும் ஆக்சிஜன் அழுத்தம் கொடுத்து வெடிக்கச் செய்யும்.

இதை நாங்கள் தாராளமாகப் பரிந்துரைப்பதில்லை. மஞ்சள் சில ஆண்டுகளில் திரும்பலாம், மெல்லிய துண்டுகள் மேலும் நொய்ந்து போகலாம். வெளியில் தெரியும் சுவருக்கு வேண்டுமானால் செய்யுங்கள். உள்ளே மறையும் துண்டை அப்படியே விடுங்கள்.

பிரித்தல்: ஒரே நாளில் எல்லாம் வேண்டாம்

முதல் தடவை பத்துப் பிரிவுக்கு மேல் போகாதீர்கள். பிரிக், பிளேட், குமிழ் இல்லாத வழுவழுப்பான டைல், சரிந்த ஸ்லோப், டெக்னிக், சக்கரமும் டயரும், மினிஃபிக்கும் அவர்கள் கைப்பொருளும், கதவு ஜன்னல், கண்ணாடி நிறத் துண்டுகள், பத்தாவதாக ‘தெரியாதது’. இந்தப் பத்தாவது டப்பா முக்கியமானது. ஒரு துண்டு எந்த இனம் என்று மூன்று விநாடிக்குள் தெரியவில்லையென்றால் அதில் போட்டுவிட்டு நகருங்கள். யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் 3,000 துண்டு முடியாது.

அடுத்த சுற்றில் நிரம்பி வழியும் பிரிவை மட்டும் உடையுங்கள். பெரும்பாலும் அது பிளேட்டாகத்தான் இருக்கும். ஒரு குமிழ் அகலம், இரண்டு குமிழ் அகலம், அதற்கு மேல் என்று மூன்றாக்குங்கள். எதுவரை உடைப்பது? ஒரு துண்டைத் தேட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் டப்பாவை உடைக்கலாம். அதற்குள் கிடைத்துவிட்டால் அப்படியே விடுங்கள். எட்டே எட்டு இருக்கும் உருவத்துக்குத் தனி டப்பா ஒதுக்குவது வீண் உழைப்பு.

பிரிக்கும்போதே ஒவ்வொரு துண்டின் அடியையும் பாருங்கள். உட்பக்கத்தில் கண்ணுக்கு மிகச் சிறியதாக ஓர் எண் இருக்கும். கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் நிழல் விழுந்து தெரியும். அது துண்டின் உருவத்தைக் குறிக்கும் அச்சு எண்: 2×4 பிரிக் 3001, 2×2 பிரிக் 3003, 1×2 பிரிக் 3004, 1×2 பிளேட் 3023, 1×1 பிளேட் 3024. எந்த நிறத்திலும் இந்த எண் மாறாது. நிறத்தையும் சேர்த்துக் குறிக்கும் ஆறு ஏழு இலக்க எண் வேறு, புதிய கையேடுகளின் பின்பக்கப் பட்டியலில் இருப்பது அதுதான். கடையில் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூட்டையில் அடிக்குழாயே இல்லாத, உள்ளே வெறுமையான பிரிக் கிடைத்தால் அது 1958-க்கு முந்தைய வடிவமாக இருக்கக்கூடும். உட்குழாய் கொண்ட இன்றைய பிரிக்குக்கு டென்மார்க்கின் பில்லுண்ட் நகரிலிருந்து காப்புரிமை விண்ணப்பம் போனது 1958 ஜனவரி 28 அன்று. 1963 வாக்கில் ஏ.பி.எஸ்.ஸுக்கு மாறும் வரை செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில்தான் செய்தார்கள், அவை காலப்போக்கில் வளைந்துவிடும். வளைந்த துண்டை நேராக்க முயலாதீர்கள், தனியே எடுத்து வையுங்கள்.

எந்த செட் என்று கண்டுபிடிப்பது

சாதாரணத் துண்டு எதுவும் சொல்லாது. சிவப்பு 2×4 பிரிக் ஆயிரக்கணக்கான செட்களில் இருக்கும். அச்சிட்ட துண்டு, அரிதான நிறத்தில் வந்த உருவம், மினிஃபிக்கின் உடற்பகுதி ஆகிய மூன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூட்டையில் மஞ்சள் கண்ணாடி நிற முன்கண்ணாடி, நீல பிரிக்குகள், சாம்பல் இறக்கைப் பிளேட்டுகள், சிவப்பு வெள்ளை விண்வெளி வீரர்கள் இருக்கிறார்கள். கூடவே ‘எல்எல்928’ என்று அச்சிட்ட துண்டு ஒன்று. அந்த எண்ணே பதில். 1979-இல் வந்த கேலக்ஸி எக்ஸ்புளோரர் என்ற விண்கப்பல் செட் ஐரோப்பாவில் 928 என்ற எண்ணிலும் அமெரிக்காவில் 497 என்ற எண்ணிலும் விற்றது. ‘எல்எல்918’, ‘எல்எல்924’ என்றிருந்தால் அதே வரிசையின் சிறிய கப்பல்கள்.

எண் இல்லாதபோது, லெகோ துண்டுகளை விற்கும் பிரிக்லிங்க் அல்லது துண்டுப் பட்டியல்களைத் தரும் ரீபிரிக்கபிள் இணையதளத்தில் அச்சு எண்ணையும் நிறத்தையும் கொடுங்கள். அந்தத் துண்டு எந்தெந்த செட்டில் வந்தது என்ற பட்டியல் வரும். ஒரு துண்டால் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது அரிய துண்டையும் தேடி, இரு பட்டியலிலும் பொதுவாக வரும் செட்டை எடுங்கள். மூன்றாவது துண்டும் அதையே காட்டினால் உறுதி.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் சாம்பல் நிறம். 2003-04 வாக்கில் லெகோ தன் சாம்பல்களையும் பழுப்பையும் மாற்றியது. பழைய சாம்பல் சற்றே மஞ்சள் கலந்தாற்போல் இருக்கும், புதியது நீலம் கலந்தது. 1979 கப்பலுக்குப் பழையதுதான் பொருந்தும். 2022-இல் 10497 என்ற எண்ணில் பெரிதாக்கி வந்த மறுவடிவம் புதிய சாம்பலில் இருக்கிறது. இரவில் குழல்விளக்கில் பிரிக்கவே பிரிக்காதீர்கள், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காலையில் ஜன்னலோரம் வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்தால் பளிச்சென்று வேறுபடும். மஞ்சளித்த புதிய சாம்பல் பழைய சாம்பல்போல ஏமாற்றும். சந்தேகம் வந்தால் கவிழ்த்து உட்பக்கத்தைப் பாருங்கள், வெளிச்சம் படாத அங்கே உண்மை நிறம் தங்கியிருக்கும்.

விண்வெளி வீரர்களை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். அந்தக் கால ஹெல்மெட்டின் தாடைப் பட்டை மிக மெல்லியது, நடுவில் விரிசல் விடும். முழுதாக இருந்தால் தலையிலிருந்து அடிக்கடி கழற்றாதீர்கள். மார்பில் உள்ள தங்க நிறக் கோளும் சுற்றுப்பாதையும் விரல் பட்டுப் பட்டுத் தேயும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. உடற்பகுதியின் பக்கவாட்டில், கைக்குக் கீழே, மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் கையை அசைக்க அசைக்க அது நீளும்.

குறைவதைக் கணக்கெடுத்து வாங்குதல்

செட்டின் துண்டுப் பட்டியலை அச்செடுங்கள். ஒரு தட்டில் செட்டுக்குரியதை எடுத்து வைத்துக்கொண்டே பென்சிலால் குறியுங்கள். கட்டத் தொடங்கிவிட்டு இடையில் தேடுவதைவிட இது வேகமானது. எண்ணியதும் மூன்று வகையாகப் பிரியுங்கள்: இல்லாதது, இருக்கிறது ஆனால் உடைந்தது, இருக்கிறது ஆனால் நிறம் கெட்டது. மூன்றாவது வகையை உடனே வாங்காதீர்கள். கட்டி முடித்த பிறகு அது வெளியே தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

பட்டியலில் அச்சு எண்ணுக்குப் பின் ஏ, பி என்ற எழுத்து வந்தால் கவனியுங்கள். 1×2 டைல் 3069-இன் ‘ஏ’ வகையில் அடி ஓரத்தில் பள்ளம் இல்லை, ‘பி’ வகையில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்துத்தான் டைலைத் தூக்குகிறோம். காட்சிக்கு எது போட்டாலும் வெளியே தெரியாது. விற்கப்போகிறீர்கள் என்றால் சரியான வகையே வேண்டும்.

பிரிக்லிங்க்கில் தேவைப் பட்டியல் போட்டு, ஒரே கடையில் அதிகபட்சம் எத்தனை கிடைக்கிறது என்று பாருங்கள். பத்துக் கடையில் மலிவாகப் பத்துத் துண்டு வாங்கினால் தபால் செலவு துண்டு விலையைப் பல மடங்கு தாண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். இரண்டு மூன்று செட்டின் குறைகளைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். ‘பயன்படுத்தியது’ என்ற தரம் பிளேட்டுக்குப் போதும். அச்சிட்ட துண்டு, முன்கண்ணாடி, ஹெல்மெட் ஆகியவற்றுக்கு விற்பவரிடம் படம் கேட்டுவிட்டே பணம் செலுத்துங்கள்.

கட்டும்போது

1996-க்குப் பிந்தைய பெரும்பாலான செட்களின் கையேடு லெகோ நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் ஸ்கேன் செய்து வைத்த பக்கங்கள் உதவும். பழைய கையேட்டில் ‘இந்தப் படியில் இந்தத் துண்டுகள்’ என்ற சிறு கட்டம் இருக்காது. ஒரே படியில் ஏழெட்டுத் துண்டு சேரும், மறைவில் ஒன்று இரண்டு ஒளிந்திருக்கும். முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள். முடிவில் ஒரு துண்டு மிஞ்சினால் நீங்கள் தவறவிட்ட இடம் பெரும்பாலும் அடிப்பக்கமாக இருக்கும்.

தளர்ந்த துண்டைத் தாங்கும் இடத்தில் வைக்காதீர்கள். சோதனை எளிது: இரண்டு பிரிக்கை மாட்டி மேலுள்ளதைப் பிடித்து உதறுங்கள், கீழுள்ளது விழக் கூடாது. விழுந்தால் அது மேலே எடை வராத இடத்துக்குப் போகட்டும். பழைய கண்ணாடி நிறத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டுவதையும் தவிருங்கள். அவை ஒன்றையொன்று விடாப்பிடியாகப் பற்றும், பிரிக்கும்போது ஓரம் சிதறும்.

வைத்துப் பேணுதல்

நேர் வெயில் படாத சுவரில் கண்ணாடிக் கதவுள்ள அலமாரி போதும். தூசியை ஈரத் துணியால் துடைத்தால் அது குமிழ்களின் இடுக்கில் சேறாக இறங்கும். மென்மையான ஓவியப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். பிரித்து வைக்கும் செட்டை ஜிப் கவரில் போட்டு, செட் எண், ஆண்டு, குறையும் துண்டின் அச்சு எண் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். கவரின் மேல் மார்க்கரால் எழுதினால் இரண்டே வருடத்தில் அழிந்துவிடும். கையேட்டைத் தனிக் கோப்பில் நிமிர்த்தி வைத்து சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று சேருங்கள். ரப்பர் டயர்களை மட்டும் மற்றத் துண்டுகளோடு ஒரே கவரில் போடாதீர்கள். பல ஆண்டு ஒட்டிக் கிடந்தால் பிளாஸ்டிக்கின் மேல் கறை ஏறும். டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றி வேறு கவரில் வைத்து, எந்தக் கவரில் இருக்கிறது என்று அதே சீட்டில் குறித்துவிடுங்கள்.